பழுக்காத கீல்

லேத்துக்காரர் வீதியில் நூல் மிஷினில் அடித்த சாமான்கள், உடைந்த பிறகும் நிற்காமல் வேலை பார்க்கத் தொடங்கியது ஒரு பங்குனி மாத வெள்ளிக்கிழமை காலையில், ருக்குமணியக்கா வீட்டு மாவு கிரைண்டரில்தான் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அதற்கு முன்பே வேறு எங்காவது நடந்திருக்கலாம், யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். கோயம்புத்தூரில் கணபதிக்குப் பக்கத்தில் இருக்கிற அந்த வீதியில் ஓடுகிற எதையும் யாரும் குனிந்து பார்ப்பதில்லை, நின்று போனதைத்தான் பார்ப்பார்கள். ருக்குமணியக்கா பார்த்ததுகூட கரண்டி கீழே விழுந்து அதை எடுக்கக் குனிந்ததால்தான்.

குனிந்தவள், கிரைண்டருக்கு அடியில் உடைந்து கிடந்த இரண்டு துண்டுகளையும் ஓர் எவர்சில்வர் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு, மாவுக் கையோடு நேரே கோகிலவாணியின் கடைக்கு வந்தாள்.

"கோகிலா, போன மாசம் நீ அடிச்சுக் குடுத்த கப்ளிங்கு ரெண்டாப் போச்சு பாத்துக்க."

"அய்யோ, புதுசு அடிச்சுத் தர்றனுங்க்கா. கிரைண்டர் நின்னு எவ்வளவு நேரமாச்சு?"

"நிக்கலியே. ஓடிட்டிருக்குது. அதான் என்ன பண்றதுன்னு கேக்க வந்தேன்."

இருவரும் போய்ப் பார்த்தார்கள். மோட்டார் சுற்றியது, டிரம் சுற்றியது, இரண்டையும் இணைக்கிற கப்ளிங் இருக்க வேண்டிய இடத்தில் நாலு விரற்கடை வெறும் காற்று இருந்தது. அந்த வீதியில் பாதி வீடுகளுக்கு இட்லி மாவு கொடுக்கிற ருக்குமணியக்காவுக்கு நின்று வியப்பதற்கு நேரமில்லை.

"நிறுத்தறதா வேண்டாமா, அத மட்டும் சொல்லு."

"மாவு எப்படி இருக்குதுங்க?"

"மாவு நல்லாத்தான் பொங்கியிருக்குது."

"அப்ப ஓடட்டும்" என்றாள் கோகிலவாணி. புதுக் கப்ளிங் அடித்துத் தருகிறேன் என்று அவள் சொன்னதற்கு ருக்குமணியக்கா, இடம் காலியாக இருந்தால்தானே மாட்டுவதற்கு, இங்கே காலியாக இருக்கிறதா இல்லையா என்றே புரியவில்லையே என்று கேட்டாள். அது நியாயமான கேள்விதான்.

கோகிலவாணி ஒரு பம்பு கம்பெனியில் பத்து வருஷம் வரைபடம் போட்டவள். அதைவிட்டு வந்து வீட்டு முன்னறையில் ஃபிரிட்ஜ் அளவுக்கு ஒரு பிரிண்டிங் மிஷினை வைத்தபோது, இரும்பைச் சீவிப் பழகிய லேத்துக்காரர்கள் வாசலில் நின்று எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். பிளாஸ்டிக் நூல் ஒரு கண்டிலிருந்து மெதுவாக உள்ளே போகும், சூட்டில் உருகும், முறுக்கு பிழிகிற மாதிரி சுற்றிச் சுற்றி அடுக்கின் மேல் அடுக்காகப் படியும், எட்டு மணி நேரம் கழித்து ஒரு சாமான் எழுந்து நிற்கும். மில்லுக்காரர்கள் ஊர் ஆனதால் அதற்கு நூல் மிஷின் என்று பெயர் வைத்தார்கள், பெயர் வைத்ததோடு சாமான் உடைந்தால் அவளிடமே வந்து அடித்து வாங்கவும் தொடங்கினார்கள்.

சாமான் எப்படி உடையும் என்பதில் தனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள், அந்த நினைப்பு அவளுக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. கீழ் அடுக்கு ஆறுவதற்குள் மேல் அடுக்கு அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும், நடுவில் யாராவது கதவைத் திறந்து காற்று உள்ளே வந்தால் பிடிப்பு விட்டுப்போகும். படுக்க வைத்து அடிக்க வேண்டியதை நிற்க வைத்து அடித்தால் வளைக்கும்போது குறுக்கே பிளந்துவிடும். நூலில் ஈரம் இருந்தால் அது சூட்டில் ஆவியாகிக் குமிழி விட்டு, பார்வைக்கு நன்றாக இருந்தாலும் உள்ளே பொத்தலாகப் போகும். எப்படிப் பிளந்தாலும் அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவில்தான் பிளக்கும். பிளந்த துண்டைக் கையில் வாங்கிப் பார்த்தால், எந்த நேரத்தில் யார் கதவைத் திறந்தார்கள் என்பதுவரை சொல்லிவிடுவாள்.

ருக்குமணியக்காவின் துண்டுகளிலும் குமிழி இருந்தது, ஈரத்தால் பிளந்திருக்கிறது என்பது பார்த்ததுமே தெரிந்தது. ஏன் பிளந்தது என்பதற்குக் காரணம் கிடைத்துவிட்டது, ஏன் ஓடுகிறது என்பதற்குத்தான் அவளிடம் ஒன்றும் இல்லை.

அதற்கடுத்த வாரம் மோட்டார் கட்டுகிற தேவராஜின் பம்பில் உள்ளே சுற்றுகிற இறக்கைச் சக்கரம் மூன்றாகப் பிளந்து வெளியே வந்து விழுந்தது, தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. அதற்கடுத்து பள்ளிக்கூட வேனின் பக்கவாட்டுக் கண்ணாடியைப் பிடித்திருந்த கொக்கி உடைந்தது, கண்ணாடி தன் இடத்திலேயே காற்றில் நின்றபடி பின்னால் வருகிற பஸ்ஸைக் காட்டியது, டிரைவர் ஒருமுறை அதன் கீழே கையை விட்டுத் துழாவிப் பார்த்துவிட்டுப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். டெய்லர் வீட்டில் ஒன்று, டீக்கடையில் ஒன்று, இரும்பு வார்க்கிற ஃபவுண்டரியில் நாலு என்று பங்குனி முடிவதற்குள் இருபதுக்கு மேல் ஆகிவிட்டது.

தேவராஜ் மட்டும், உடைந்ததை உடைந்தபடி விடுவதற்குக் கை கூசுகிற மனுஷர், மூன்று துண்டுகளையும் பசை போட்டு ஒட்டி மறுபடி மாட்டினார். பம்பு அந்தக் கணமே நின்றது. பதறிப்போய்ப் பிய்த்துப் போட்டார், அப்புறம் அது ஓடவே இல்லை. வேறொருவர் உடையாத ஒரு சாமானைத் தானே சுத்தியலால் தட்டி உடைத்துப் பார்த்தார், அது சாதாரணமாக உடைந்து, அவருடைய மிஷினும் சாதாரணமாக நின்றது. தானாகப் பிளக்க வேண்டும், பிளந்ததைச் சேர்க்கக் கூடாது என்று வீதிக்கு இரண்டு விதிகள் கிடைத்தன. விதி கிடைத்தபிறகு அந்த வீதிக்கு வேறு எதுவும் தேவைப்படவில்லை.

பிறகு பேச்சு மாறியது. பிளந்ததைப் பழம் என்றார்கள், பிளக்காததைக் காய் என்றார்கள். "உங்களுது பழுத்துருச்சுங்களா?" "எங்கீங்க, மூணு மாசமாச்சு, இன்னும் காயாவே கெடக்குது" என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். காய் மாட்டிய மிஷின்மேல் யாருக்கும் நம்பிக்கை இல்லை, அது எப்போது உடையுமோ என்ற பயத்தோடே அதன் பக்கத்தில் வேலை பார்த்தார்கள். பழுத்த மிஷினுக்குப் பயமில்லை, உடைய வேண்டியது உடைந்துவிட்டது. துண்டுகளைச் சிலர் சின்னத் தட்டில் போட்டு மிஷினுக்கு அடியில் வைத்தார்கள், ஃபவுண்டரிக்காரர் சரஸ்வதி பூஜைக்கு வைக்கிற மாதிரி பொட்டு வைத்தார், அவருடைய மனைவி இது சாமியும் இல்லை பூதமும் இல்லை, பிளாஸ்டிக்கு என்று சொல்லிப் பொட்டைத் துடைத்துவிட்டாள்.

பொறியியல் கல்லூரியிலிருந்து விரிவுரையாளர் ஒருவர் வந்து, கோகிலவாணியிடம் ஆறு சாமான்களை வாங்கிப் போய் இழுத்து உடைக்கிற மிஷினில் மாட்டினார். ஐந்து சுத்தமாக உடைந்து, இழுக்கிற பலத்தைக் காட்டுகிற முள் பூஜ்யத்துக்கு வந்தது. ஆறாவது, இழுப்பதற்கு முன் மாட்டி வைத்திருக்கும்போதே தானாகப் பிளந்து இரண்டு பக்கமும் தொங்கியது, அப்படியே இழுத்தபோது முள் மட்டும் ஏறிக்கொண்டே போனது. அவர் மிஷினை நிறுத்தினார், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார், லேத்துக்காரர் வீதிக்குத் திரும்பி வந்து ஒரு டீ குடித்தார், பஸ் ஏறிப் போனார். அவர்மேல் கோகிலவாணிக்கு ரொம்ப இரக்கமாக இருந்தது.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதைச் சித்திரையில் ஒரு நாள் மத்தியானம்தான் அவள் கண்டுபிடித்தாள். அவள் புருஷன் பொன்னுரங்கம் பதினெட்டு வருஷம் நூற்பு மில்லில் இருந்தவர், மில்லை மூடிய பிறகு வீட்டில் இருந்து மிஷினைப் பார்த்துக்கொள்கிறவர். சாப்பிட்டுவிட்டு அவள் கடைக்கு வந்தபோது, அவர் நூல் கண்டின்மேல் நனைத்த சாக்கைப் போர்த்தி, அதன்மேல் வாளியிலிருந்து தண்ணீரைத் தெளித்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, என்ன பண்றீங்க நீங்க?"

"நூலு காஞ்சு போச்சு புள்ள. ஒருக்கா அறுந்துருச்சு. மில்லுல காத்து காஞ்சா நூலு அறுந்துட்டே இருக்கும், மேலிருந்து பனியாட்டத் தண்ணி தெளிச்சுட்டே இருப்போம். ஈரம் இருந்தாத்தான் நூலுக்குப் பலம்."

"அது பஞ்சு நூலுங்க! இது நைலான்! எத்தன நாளா இந்த வேல நடக்குது?"

"மாசியிலருந்து" என்றார் பொன்னுரங்கம். அவர் முகத்தில் குற்ற உணர்வும் இருந்தது, கொஞ்சம் பெருமையும் இருந்தது. மாசியில் தொடங்கியது என்றால் வீதியில் பழுத்த அத்தனைக்கும் அவருடைய வாளிதான் காரணம் என்று ஆகிறது. அன்றைக்கு அவள் அவரைத் திட்டிய திட்டு நாலு வீடு தள்ளிக் கேட்டது. கேட்ட நாலு வீடும் சாயங்காலத்துக்குள் வீதி முழுக்கச் சொல்லிவிட்டது, மறுநாள் காலையில் பொன்னுரங்கம் கடைத்தெருவுக்குப் போனபோது ஆட்கள் எழுந்து நின்று அவருக்கு இடம் கொடுத்தார்கள்.

கோகிலவாணி கண்டை அடுப்புப் பெட்டியில் வைத்து ஈரம் போகக் காய்ச்சி, கதவைப் பூட்டி, சாமானைப் படுக்க வைத்து, எப்படி அடிக்க வேண்டுமோ அப்படி அடித்தாள். வழவழவென்று, தட்டினால் மணிச்சத்தம் கேட்கிற சாமான்கள் வந்தன. வாங்கிப் போனவர்கள் ஒரு வாரத்தில் திருப்பிக் கொண்டுவந்தார்கள்.

"இது பழுக்காதுன்னு சொல்றாங்களே அம்மிணி."

"ஆமாங்க, பழுக்காது. உடையவே உடையாதுங்க. அதுக்குத்தானே இவ்வளவு பாடு."

"எங்களுக்கு அண்ணன் கை வெச்சது ஒண்ணு அடிச்சுக் குடுத்துருங்களேன்" என்று அவர்கள் பொன்னுரங்கத்தைப் பார்த்தார்கள். அவர் கூரையைப் பார்த்தார். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. பத்து வருஷமாக உடையாத சாமானுக்கு வழி தேடியவளிடம் வந்து, உடைகிற சாமானை முகத்துக்கு நேரே கேட்கிறார்கள், கேட்பவர்கள்மேல் கோபப்படவும் முடியவில்லை, ஏனென்றால் அவர்கள் சொல்வது கண்ணுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தது.

இதெல்லாம் எப்படிப் போனாலும் போகட்டும் என்று அவள் விட்டிருப்பாள், அவள் தங்கச்சி செண்பகத்தின் முட்டிக்கட்டில் அப்படி ஒரு காய் இல்லாமல் இருந்திருந்தால்.

செண்பகத்துக்கு இருபத்தொன்பது வயது. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் மாடி மாடியாக ஏறி மீட்டர் ரீடிங் எடுக்கிற ஒப்பந்தக் கம்பெனியில் வேலை. நகரத்தில் எந்த மாடியில் எந்த நாய் குரைக்கும், எந்த வீட்டில் மோர் கொடுப்பார்கள் என்று அவளுக்கு அத்துப்படி. போன ஐப்பசியில் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து இடது முட்டி நொறுங்கியது, அதிலிருந்து அக்கா வீட்டில்தான் இருந்தாள். எலும்பு கூடியது, ஆனால் கட்டு இல்லாமல் ஊன்றினால் முட்டி தானாக மடிந்து ஆளைக் கீழே தள்ளியது. இன்னொரு தடவை விழுந்தால் அப்புறம் நடப்பதை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தொடையிலும் கெண்டைக்காலிலும் பட்டை போட்டு, பக்கத்துக்கு ஒரு கீல் வைத்த கட்டு அது. வெளிப்பக்கத்துக் கீல் தேய்ந்து போக, கடைகளில் அதற்கு மாற்று கிடைக்காமல், இரண்டு இதழும் நடுவில் ஓர் ஆணியுமாகக் கோகிலவாணியே ஒன்று அடித்துக் கொடுத்தாள். அடித்தது மாசி மாதக் கடைசியில்.

சாக்கைப் பார்த்த அன்றைக்கே அவள் தங்கச்சியிடம் ஓடினாள்.

"கழட்டுடி அத. வேற அடிச்சுத் தர்றேன்."

"மாட்டேன்" என்றாள் செண்பகம். "இது பழுக்கட்டுங்க்கா. பழுத்துட்டா எனக்கு வாழ்நாளுக்கும் பயமில்ல. ருக்குமணியக்கா கிரைண்டரு நிக்கவே இல்லியே."

"கிரைண்டருக்கு வலிக்காது. கிரைண்டரு கீழ விழுந்து முட்டி ஒடையாது."

"உடையாததுன்னு நீ குடுக்கற எல்லாமே ஒரு நாளைக்கு உடையுங்க்கா. ஸ்கூட்டரும் உடையாததுன்னுதான் வித்தாங்க. உடைஞ்சும் நிக்குதே, அது ஒண்ணுதான் எனக்கு வேணும். நாற்காலியில உக்காந்து யாரு வீட்டு மீட்டரயும் பாக்க முடியாது."

செண்பகம் தினமும் காலையில் குனிந்து முட்டிக்குப் பக்கத்தில் காதை வைத்துக் கேட்பாள், ஒன்றும் கேட்காமல் நிமிர்வாள். வீதியில் போகிறவர்கள் வாசலில் நின்று, "என்ன கண்ணு, பழுத்துச்சா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். கோகிலவாணிக்கு எதை வேண்டிக்கொள்வதென்று தெரியவில்லை. அது பிளந்து தங்கச்சி விழுந்தால் அந்தப் பாவத்தை அவளால் தாங்க முடியாது. பிளந்தும் நின்றால் அவள் படித்தது, வரைந்தது, பத்து வருஷம் நம்பியது எல்லாம் என்ன ஆகும். பிளக்கவே இல்லையென்றால் தங்கச்சி மாடிப்படிப் பக்கம் போகப் பயந்து இப்படியே வீட்டில் கிடப்பாள். மூன்றையும் மாற்றி மாற்றி நினைத்து, சோற்றில் உப்பு இரண்டு தரம் போட்டாள்.

ஆனி மாதத்தில் செண்பகத்தின் கம்பெனியிலிருந்து ஆள் வந்தது. திங்கட்கிழமை பத்து மணிக்கு ஆபீசுக்கு வந்து, மேனேஜர் பார்க்க மூன்று மாடி ஏறி இறங்கிக் காட்ட வேண்டும், முடியாவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கீல் காயாகவே இருந்தது.

திங்கட்கிழமை காலையில் செண்பகம் கட்டைக் கழற்றிக் கட்டிலில் வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு குளிக்கப் போனாள். கோகிலவாணி கடைக்குள் ஓடி, ஈரம் போகக் காய்ச்சிய நூலில் படுக்க வைத்து அடித்து முன்பே ஒளித்து வைத்திருந்த புதுக் கீலை எடுத்து வந்தாள். குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நிற்பதற்குள் இரண்டு திருகாணியையும் கழற்றிக் கீலை மாற்றி மாட்டினாள். பழைய கீலைக் கொண்டுபோய்க் கடை மேசையின் இழுப்பறையில் போட்டு மூடினாள். தங்கச்சிக்கு நல்லதுதான் செய்கிறோம் என்று பலமுறை சொல்லிக்கொண்டாள், ஆனாலும் திருடியதுபோலத்தான் இருந்தது.

செண்பகம் வந்து கட்டைப் போட்டுக்கொண்டாள். பொன்னுரங்கம் ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

"போயிட்டு வர்றேங்க்கா."

"பாத்து ஏறு சாமி" என்றாள் கோகிலவாணி. தங்கச்சி முகத்தைப் பார்க்க முடியாமல் சொன்னாள்.

பத்து மணி தாண்டி, கடையில் தனியாக உட்கார்ந்து ஒரு மூடிக்கு வரைபடம் போட்டுக்கொண்டிருந்தபோது இழுப்பறைக்குள் டிக் என்று ஒரு சத்தம் கேட்டது. திறந்தாள். மேல் இதழ் அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவில் குறுக்கே பிளந்து, இரண்டு துண்டாகக் கிடந்தது. உள்ளே மணல்போலக் குமிழி தெரிந்தது.

முதலில் அவளுக்கு வந்தது ஆறுதல்தான். நல்லவேளை, மாற்றினோம், பிள்ளை காலில் இருந்திருந்தால் இந்நேரம் படியில் விழுந்திருப்பாள் என்று நினைத்து, நெஞ்சில் கை வைத்துக் கண்ணை மூடினாள். கண்ணைத் திறந்தபோது கீல் ஆணியைச் சுற்றிக் கொஞ்சம் மடங்கியது. பிறகு நிமிர்ந்தது. மறுபடி மடங்கியது. தனியாகக் கிடந்த துண்டும், ஒட்டியே இருப்பதுபோல, நடுவில் நூலிழை இடைவெளி விட்டு அதன்கூடவே நகர்ந்தது.

அவள் அதை உள்ளங்கையில் எடுத்துக்கொண்டு எழுந்தாள். தங்கச்சியின் முட்டியைக் கோணமானி வைத்து அளந்தவள் அவள்தான். சமதளத்தில் நடக்கும்போது இவ்வளவு மடியும், படி ஏறும்போது அவ்வளவு மடியும் என்று அவளுக்கு மனப்பாடம். இது நடை. ஏழெட்டு எட்டு நடந்தது. ஒரு நிமிஷம் நின்றது. அப்புறம் நன்றாக, ஆழமாக மடங்கத் தொடங்கியது.

இடது கையால் போனைப் போட்டாள்.

"ஏனுங்க, எங்க இருக்கறீங்க?"

"ஆபீஸ் வாசல்லதான் புள்ள. பாப்பா உள்ள போயிட்டா."

"கால்ல கட்டு இருக்குதுங்களா?"



"கட்டு என் மடியில இருக்குது" என்றார் பொன்னுரங்கம்.

"என்னங்க சொல்றீங்க!"

"வண்டிய விட்டு எறங்குனா. முட்டியத் தொட்டுப் பாத்தா. அக்கா மாத்திட்டா மாமா, என்து சொரசொரன்னு இருக்கும், இது வழவழங்குதுன்னா. நான் வேண்டாம் வேண்டாங்கறேன், அவுத்து என் கையில குடுத்துட்டுச் செவத்தப் புடிச்சுட்டு நின்னா. அழுதா புள்ள. அப்பறம் என்னமோ கேட்ட மாதிரி தலையத் தூக்குனா. டிக்குன்னுச்சே மாமா, கேட்டுச்சான்னா. எனக்கு ஒண்ணும் கேக்கல. செவத்த உட்டுட்டுப் போயிட்டா."

கோகிலவாணியின் உள்ளங்கையில் கீல் ஏறிக்கொண்டிருந்தது. ஒரு மாடிக்கு இருபது படி என்றால் இடது காலுக்குப் பத்து. அவள் எண்ணினாள். பத்தாவதுக்கு அப்புறம் இரண்டு சின்ன மடக்கு, அது திருப்பத்தில் நடக்கிற நடை. மறுபடி ஆழமாக. இரண்டாவது மாடியின் ஏழாவது படியில், பாதி மடங்கிய நிலையில் கீல் அப்படியே நின்றது.

"ஏனுங்க, நின்னுருச்சு. போய்ப் பாருங்க!"

"உள்ள உடமாட்டேங்கறாங்க புள்ள, காவலாளு நிக்கறான். என்ன நின்னுருச்சு? நீ எங்கிருந்து பாக்கற?"

விழுந்துவிட்டாளா, உட்கார்ந்துவிட்டாளா, கைப்பிடியைப் பிடித்து மூச்சு வாங்குகிறாளா. துண்டுக்கும் கீலுக்கும் நடுவில் இருந்த நூலிழை இடைவெளி கோகிலவாணியின் கண்ணுக்குப் பெரிதாகிக்கொண்டே போனது. கட்டை விரலால் லேசாக ஒரு தள்ளு தள்ளினால் இரண்டும் சேர்ந்துவிடும், சேர்ந்தால் பலமாகிவிடும் என்று அவளுடைய விரல்கள் துடித்தன. அவை பத்து வருஷம் பழகிய விரல்கள், பிளந்ததைக் கண்டால் சேர்க்கத்தான் அவற்றுக்குத் தெரியும். தேவராஜின் பம்பு ஞாபகம் வந்து, கட்டை விரலை விலக்கி நீட்டி வைத்துக்கொண்டாள். வாசலில் யாரோ குக்கர் கைப்பிடியோடு வந்து, "அண்ணன் இல்லீங்களா?" என்று கேட்டார். அவள் உள்ளங்கையைப் பார்த்துவிட்டு, கேட்டதை அப்படியே விட்டு, செருப்பைச் சத்தம் போடாமல் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

கண்ணீர் வழிந்து மூக்கு நுனியில் நின்றது, அது கையில் விழுந்துவிடுமோ என்று பயந்து தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டாள். "நான் ஒண்ணும் பண்ணலடி, நான் ஒண்ணும் பண்ணல" என்று சொன்னாள். அப்புறம் கீல் மெதுவாக, ரொம்ப மெதுவாக நிமிர்ந்தது. எட்டு. ஒன்பது. பத்து.

மூன்றாவது மாடி முடிந்து, கீல் வேறு மாதிரி மடங்கத் தொடங்கியபோது, அது இறங்குகிற கால் என்று அவளுக்குத் தெரிந்தது. போனை இன்னும் வைக்காமல் இருந்த பொன்னுரங்கம் அங்கிருந்து கத்தினார்.

"வந்துட்டா புள்ள! மேனேஜரும் கூட வர்றாரு. நாளைக்கே வேலைக்கு வரச் சொல்லிட்டாராமா. பாப்பா, வண்டியில ஏறு... ஏறமாட்டேங்கறாளே. என்னத் தாண்டிப் போறா. நடந்தே வர்றாளாமா, வெய்யில்ல!"

அங்கிருந்து வீட்டுக்கு இரண்டு கிலோமீட்டர். கோகிலவாணி நாற்காலியில் உட்காரவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை, கையை அசைக்கவில்லை, தங்கச்சி நடந்து வருகிற ஒவ்வொரு எட்டையும் உள்ளங்கையில் வாங்கிக்கொண்டு நின்றாள்.

செண்பகம் வாசலில் வந்து நின்றபோது சேலை வேர்வையில் நனைந்திருந்தது. ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு அக்காவின் கையைப் பார்த்தாள், அக்காவின் முகத்தைப் பார்த்தாள். திட்டுவாள் என்று கோகிலவாணி எதிர்பார்த்தாள், திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது.

"கீழ வெச்சுட்டு வாக்கா. பசிக்குது."

"வெச்சா நின்னு போயிருச்சுன்னா?"

"எனக்கென்ன தெரியும். நீதான இதெல்லாம் படிச்சவ. உனக்குத் தெரியுமா?"

"தெரியாது" என்றாள் கோகிலவாணி. இழுக்காமல், சமாளிக்காமல் அவள் அந்த வார்த்தையைச் சொன்னது அன்றைக்குத்தான்.

அவள் கையை மேசைப் பக்கம் கொண்டுபோனாள். கை மரத்துப் போயிருந்ததால் மற்றொரு கையால் மணிக்கட்டைத் தாங்கிக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்த்தினாள். செண்பகம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். துண்டுகள் மேசையைத் தொடுவதற்கு முன்பே அவள் சுவரிலிருந்து கையை எடுத்துவிட்டு, அடுப்படியைப் பார்த்து முதல் எட்டை வைத்தாள்.